குழந்தையின் மூக்கடைப்பு: கற்பூரமா, தைலமா, உப்பு நீரா?

மூக்கடைத்த கைக்குழந்தை இரவெல்லாம் சிணுங்கினால் நம் வீடுகளில் முதலில் தேடுவது பூஜை அறைக் கற்பூரத்தை. அடுத்து, ஊட்டியிலிருந்து யாரோ வாங்கி வந்த நீலகிரித் தைலத்தை. மருந்துக்கடையில் கிடைக்கும் உப்பு நீர்ச் சொட்டு யார் நினைவுக்கும் வருவதில்லை. என் மகள் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது அம்மாவும் குழிக்கரண்டியில் தேங்காய் எண்ணெயைச் சுடவைத்து, கற்பூரத்தை நொறுக்கிப் போட்டார். அந்த அன்பில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் இந்த மூன்றில் நான் அதிகம் அஞ்சுவது அந்தக் கரண்டிக்குத்தான்.

கற்பூரம் கொழுப்பில் கரைவது. உடலுக்குள் போனால் மூளையை விரைவில் எட்டிவிடும். விழுங்கிய சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். தவழும், நடை பழகும் வயதில் ஒரு கிராம் அளவே உயிரைப் பறிக்கக்கூடும். அமெரிக்காவில் 1980களிலேயே, பூச்சு மருந்துகளில் கற்பூரம் 11 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு விதித்துவிட்டார்கள். வீட்டில் காய்ச்சும் எண்ணெய்க்கு அளவு ஏது? தொட்டிலில் கட்டும் கற்பூர முடிச்சும் அவிழ்ந்தால் நேராக வாய்க்குத்தான் போகும். அந்த வெள்ளை வில்லை குழந்தையின் கண்ணுக்குக் கற்கண்டுதான்.

நீலகிரித் தைலத்தில் பெரும்பகுதி சினியோல் என்ற வேதிப்பொருள். பெரியவர்கள் கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டு முகர்ந்தால் இதமாக இருக்கும். அதில் எனக்கு மறுப்பில்லை. குழந்தை சில மில்லிலிட்டர் விழுங்கினால் மயக்கமும் வலிப்பும் வரலாம். குழந்தையின் மூக்கருகே தடவுவதும் வேண்டாம். தைலங்களில் சேர்க்கும் மெந்தால் மூக்கிலுள்ள குளிர்ச்சி உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது. மூக்கு திறந்துவிட்டதாகத் தோன்றும், உள்ளே அடைப்பு அப்படியே இருக்கும்.

உப்பு நீருக்கு வாசனை கிடையாது, அதனால்தான் நம்பிக்கையும் வருவதில்லை. ஆனால் இறுகிய சளியை இளக்குவது அதுதான். பச்சிளங்குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சுவிடும். அடைத்துக்கொண்டால் பால் குடிக்கவே திணறும். பால் கொடுப்பதற்குச் சற்று முன், நாசிக்கு இரண்டு சொட்டு விட்டு, இளகி வருவதை மெல்லத் துடைத்தெடுத்தால் போதும். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் மட்டும் எதையும் முயலாமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கற்பூரத்தையோ தைலத்தையோ குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.