சோலைக்காட்டு இருட்டில் சோனி 200-600: நீலகிரி சோலைக்கிளிக்கு இந்த லென்ஸ் போதுமா?

2019-ல் வந்த சோனி எஃப்இ 200-600 எஃப்/5.6-6.3 ஜி லென்ஸ் ஏரிக்கரைக்கும் புல்வெளிக்கும் கச்சிதமானது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. சோலைக்காட்டின், அதாவது உயர்மலைப் பள்ளத்தாக்குகளில் வளரும் அடர்ந்த பசுமைக்காட்டின், அடிப்புதரில் அது எப்படி வேலை செய்கிறது என்பதுதான் இங்கே விஷயம். எடுக்க வேண்டிய பறவை நீலகிரி சோலைக்கிளி. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான சோலைகளை விட்டால் உலகில் வேறெங்கும் இதைப் பார்க்க முடியாது. அழியும் ஆபத்தில் உள்ள இனம். சிட்டுக்குருவி அளவுதான், சுமார் 15 செ.மீ.; முதுகும் மார்பும் மங்கிய நீலம், விலாவில் செம்பழுப்பு. தரையை ஒட்டியே வாழும். விடிந்தும் விடியாத நேரத்திலும் அந்தியிலும் சோலை ஓரத்துப் பாதைக்கு இரை தேடி வரும். வெயில் ஏறிவிட்டால் குரல்தான் கேட்கும்.

அதனால் தொலைவு இங்கே பெரிய சிக்கல் இல்லை. அசையாமல் தாழ உட்கார்ந்தால் பறவை ஐந்து மீட்டருக்கே வந்துவிடும். அந்தத் தூரத்தில் 600 மி.மீ.யில் ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவின் பட அகலத்தில் ஏறத்தாழப் பாதியை அது நிரப்பும். இந்த லென்ஸ் 2.4 மீட்டர் வரை கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும். சோலைக்குள் இதைவிடப் பெரிய வரம் இல்லை. ஜூம் செய்யும்போது குழல் நீளாது, 318 மி.மீ. அப்படியே இருக்கும். வளையத்தைச் சிறிது திருப்பினாலே 200-லிருந்து 600-க்குப் போய்விடலாம். பறவையின் கண்முன் எதுவும் நீண்டு சுருங்குவதில்லை. தூரத்துக்கு ஏற்பச் சட்டென்று ஜூமைக் குறைக்கவும் முடிகிறது. ஆனால் வெள்ளை நிறக் குழல் அந்த இருட்டில் பளிச்சென்று தெரியும், பச்சை உறை போட்டுக்கொள்ளுங்கள்.

இனி வெளிச்சம். 600-ல் லென்ஸின் ஒளித்துளையை எஃப்/6.3-ஐவிடத் திறக்க வழியில்லை. காலை நேரச் சோலைக்குள் 1/125 நொடி வைத்தால் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 6400-ஐத் தொடுவது சாதாரணம், மூடுபனி இறங்கினால் 12,800. லென்ஸில் உள்ள ஓஎஸ்எஸ் என்ற அசைவுத் தடுப்பு நம் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், பறவையின் அசைவை அடக்காது. சோலைக்கிளி தத்தும், சட்டென்று நிற்கும், மறுபடி தத்தும். நிற்கும் அந்த ஓரிரு நொடியில்தான் அழுத்த வேண்டும், அதுவும் ஐந்தாறு படங்களாக. முதல் படம் விரல் அழுத்தத்தில் ஆடியிருக்கலாம். மூன்றாவது, நான்காவது பெரும்பாலும் சுத்தமாக வரும். மெக்கானிக்கல் ஷட்டரின் சத்தம் வேண்டாம், மௌன ஷட்டருக்கு மாற்றிவிடுங்கள்.

எக்ஸ்போஷரிலும் ஒரு பொறி உண்டு. பின்னணி முழுக்க இருட்டு என்பதால் கேமரா படத்தைத் தேவைக்கு மேல் வெளுப்பாக்கும். ஷட்டரும் தேவையில்லாமல் மெதுவாகும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (வெளிச்சத் திருத்தம்) மைனஸ் 0.7 வைத்தால் நீலம் நீலமாகவே இருக்கும். கொடைக்கானல் பக்கம் போய் வெண்வயிற்றுச் சோலைக்கிளியை எடுப்பவர்கள் மைனஸ் 1 வரை போகலாம், இல்லாவிட்டால் வயிற்று வெள்ளையில் இறகு விவரம் போய்விடும்.

ஃபோகஸை முழுக்கக் கேமராவிடம் விட்டுவிடாதீர்கள். பறவைக் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி திறந்த கிளையில் அற்புதம். முன்னால் இரண்டு குச்சி குறுக்கிட்டால் குச்சியைப் பிடித்துக்கொள்ளும். ஃபோகஸ் பகுதியைச் சிறிய புள்ளியாக்கி, லென்ஸில் உள்ள வரம்புச் சுவிட்சை 2.4-10 மீட்டரில் வையுங்கள்; தவறவிட்டாலும் பின்னணிக் காட்டுக்கு ஓடிப்போய்த் தேடாது. ஐந்து மீட்டரில் எஃப்/6.3-ன் கூர்மை ஆழம், அதாவது தெளிவாகப் பதியும் பகுதியின் தடிமன், இரண்டு செ.மீ.தான். நேருக்கு நேர் நிற்கும் பறவையில் அலகு, கண், வால் மூன்றும் தெளிவாக வராது. பக்கவாட்டில் திரும்பும்வரை பொறுங்கள்.

உண்மையான குறை ட்ரைபாட் கால். இந்த விலைக்கு லென்ஸ் விற்கும் சோனி, ட்ரைபாட் தலையில் நேரே செருகிப் பூட்ட உதவும் ஆர்க்கா பள்ளத்தைக் காலிலேயே வெட்டித் தராதது எரிச்சல். தனியாக பிளேட் வாங்கி மாட்ட வேண்டும். ஒரே திருகில் மாட்டினால் சிறிது சிறிதாகத் திரும்பிவிடும், இரண்டு திருகு போடும் நீளமான பிளேட்டாகப் பார்த்து வாங்குங்கள். லென்ஸ் மட்டுமே 2.1 கிலோ, கையில் பிடித்தபடி கால்மணி நேரம் காத்திருக்க முடியாது.

ஈரத்தைத் தாங்கும் கட்டமைப்புதான். ஆனாலும் குளிர்ந்த லென்ஸைச் சூடான அறைக்குள் கொண்டுபோனதும் பையைத் திறக்காதீர்கள். அறையின் வெப்பத்துக்கு வந்தபின் திறந்தால் நீர் படியாது. மலையில் தங்குபவர்கள் சிலிக்கா ஜெல்லை மறந்தால் பூஞ்சை நிச்சயம்.

குரல் பதிவை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் ஃபிளாஷ் அடிப்பதும் கூடவே கூடாது. பதிவைப் போட்டிப் பறவை என்று எண்ணி எதிர்க்க வரும்; வாழிடத்துக்காகப் போராடும் பறவைக்கு அது வீண் சண்டை, வீண் பதற்றம். ஏப்ரல் முதல் ஜூன் வரை மண்மேட்டுச் சரிவில் உள்ள பொந்துகளிலும் மரப்பொந்துகளிலும் கூடு இருக்கும். சரிவோரத்தில் உட்காரவே வேண்டாம். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியும் அவசியம்.

பணம் தடையில்லை என்றால் சோனியின் 300 மி.மீ. எஃப்/2.8 இதே பறவைக்கு மேலான தேர்வு: ஐந்து மடங்கு வெளிச்சம், எடை ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. பறவை சட்டத்தில் பாதியளவு சிறிதாகத் தெரியும், அவ்வளவே. சிக்மாவின் 500 மி.மீ. எஃப்/5.6 எடையில் இலகு, ஆனால் 3.2 மீட்டருக்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது. 200-600 ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் 1.4 டெலிகன்வர்ட்டர் (குவியத்தூரத்தை 1.4 மடங்காக்கி வெளிச்சத்தைக் குறைக்கும் இணைப்பு) வாங்க நினைத்தால் சோலைக்காக வாங்காதீர்கள். எஃப்/9 அங்கே எதற்கும் உதவாது. அந்தப் பணத்தில் நல்ல பிளேட்டும், தரையில் வைக்க ஒரு பீன்பேக்கும், அட்டைக்கடி தடுக்கும் காலுறையும் வாங்கிவிடலாம்.