ஃபான்ட்ஃபோர்ஜுடன் ஒன்பது ஆண்டுகள்: உடைந்த இடங்களும் சரிசெய்த விதமும்

ஒன்பது ஆண்டுகளாக எழுத்துரு வரைகிறேன். வரைந்ததில் பெரும்பகுதி தமிழ். இத்தனை நாளும் கணினியில் அதிக நேரம் திறந்திருந்த செயலி ஃபான்ட்ஃபோர்ஜ்தான். நடுவில் காசு கொடுத்து வாங்கும் இரண்டு செயலிகளிலும் சில மாதங்கள் வேலை பார்த்தேன். வரைவதற்கு அவை இன்னும் சுகமாக இருந்தன. ஆனால் எழுத்துரு உள்ளே எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று அதன் தகவல்களைப் பிரித்து வைத்திருக்கும் ஒவ்வொரு அட்டவணையாகத் திறந்து பார்க்க விரும்பியபோதெல்லாம் ஃபான்ட்ஃபோர்ஜுக்கே திரும்பி வந்தேன். இங்கே அதன் வசதிகளைப் பட்டியல் போடவில்லை. எங்கே உடைந்தது, ஏன் உடைந்தது, எப்படிச் சரிசெய்தேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் அதன் வயதைச் சொல்லிவிட வேண்டும். ஜார்ஜ் வில்லியம்ஸ் பிஎஃப்ஏஎடிட் என்ற பெயரில் தொடங்கிய செயலி இது. 2004இல் ஃபான்ட்ஃபோர்ஜ் ஆனது. சாளரங்களும் பட்டன்களும் அந்தக் காலத்துத் தோற்றத்திலேயே இருக்கின்றன. புதிதாக வருபவர்கள் இதைப் பார்த்தே விலகிவிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம்தான். இரண்டு வாரம் பொறுத்தால் கை பழகிவிடும். பழைய பதிப்பை வைத்துக்கொண்டு அல்லாடுபவர்கள் முதலில் புதிய பதிப்புக்கு மாறுங்கள். 2020இல் வந்த வெளியீட்டில் கோட்டைத் தடிப்பாக்கும் பகுதியைப் புதிதாக எழுதினார்கள். அதற்கு முன்பு சுழிகளின் உள்வளைவில் கோடுகள் பின்னிக்கொண்டு வந்தவை பிறகு எனக்கு ஒழுங்காக வந்தன.

வரையும்போது எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் 'ரிமூவ் ஓவர்லேப்'. ஒன்றின்மேல் ஒன்று விழும் வடிவங்களை இணைக்கும் கட்டளை அது. தமிழில் சுழிகள் அதிகம் என்பதால் ஒரு கோடு இன்னொன்றைக் கிட்டத்தட்டத் தொட்டபடியே செல்லும் இடங்களும் அதிகம். அங்கேதான் கட்டளை தடுமாறும். ஒரு பகுதி காணாமல் போகும், அல்லது உள்ளே இருக்க வேண்டிய வெற்றிடம் கருப்பாக அடைத்துக்கொள்ளும். முன்பெல்லாம் கோட்டின் வடிவத்தைத் தீர்மானிக்கும் பாயிண்டுகளைக் கையால் நகர்த்தி நகர்த்திப் பார்ப்பேன். இப்போது ஒரே வரிசையில் செய்கிறேன்: முதலில் வளைவுகளின் உச்சிகளில் பாயிண்டுகளைச் சேர்க்கும் 'ஆட் எக்ஸ்ட்ரீமா', அடுத்து எல்லா எண்களையும் முழு எண்ணாக்கும் 'ரவுண்ட் டு இன்ட்', பிறகு ஒன்றிரண்டு அலகு நீளமே உள்ள குட்டித் துண்டுகளைத் தேடி நீக்குவது, கடைசியாக 'ரிமூவ் ஓவர்லேப்', அது முடிந்ததும் கோடுகள் சுற்றும் திசையைச் சரிசெய்யும் 'கரெக்ட் டைரக்‌ஷன்'. இந்த வரிசையில் போனால் பெரும்பாலும் சிக்கல் வருவதில்லை. அப்படியும் அடம்பிடித்தால் ஏதாவது ஒரு வடிவத்தை ஒரே ஒரு அலகு தள்ளிவையுங்கள். இரண்டு கோடுகள் மிகச்சரியாக ஒன்றின்மேல் ஒன்று படிந்திருப்பதுதான் பலமுறை காரணமாக இருக்கிறது.

என்னை அதிகம் அலைக்கழித்தது வரைவது இல்லை, வரி உயரம். ஒரு எழுத்துருவின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டபோது, அதை வைத்து ஏற்கெனவே பக்கம் அமைத்திருந்தவர்களின் கோப்புகளில் வரி இடைவெளி மாறி, பக்கங்கள் எல்லாம் ஓடிவிட்டன. நான் செய்தது நான்கு புதிய எழுத்துகளைச் சேர்த்தது மட்டும். ஏன் இப்படி என்று புரிய மூன்று நாள் ஆயிற்று. எழுத்துருத் தகவல் சாளரத்தில் ஓஎஸ்/2 என்ற அட்டவணைக்குரிய பிரிவின் அளவுகள் பக்கத்தைத் திறந்தால், ஏறுயரம் (வரியின் மேல் எல்லை), இறங்குயரம் (கீழ் எல்லை) ஒவ்வொன்றின் அருகிலும் 'இஸ் ஆஃப்செட்' என்று ஒரு சிறு தேர்வுக் கட்டம் இருக்கும். அது தேர்வாகியிருந்தால் நாம் இட்ட எண் உயரம் ஆகாது. செயலி தானாகக் கணக்கிடும் உயரத்தோடு கூட்ட வேண்டிய எண்ணாகிவிடும். பூஜ்யம் என்று இருந்தால் கணக்கிட்டதை அப்படியே எடுத்துக்கொள் என்று அர்த்தம். அந்தக் கணக்கு எழுத்துருவிலேயே மிக உயரமான, மிகத் தாழ்ந்த வடிவங்களைப் பார்த்து வருவது. ஆகவே சற்றே நீண்ட வாலோடு ஓர் எழுத்தைச் சேர்த்தால் எல்லா வரிகளின் உயரமும் மாறிவிடும்.

அன்றிலிருந்து புதுக் கோப்பு தொடங்கியதும் முதல் வேலையாக அந்தக் கட்டங்களை எல்லாம் நீக்கிவிட்டு எண்களைக் கையால் எழுதிவிடுகிறேன். தமிழில் மேலே எட்டுவது மேல்விலங்குச் சுழியும் புள்ளியும். கீழே இறங்குவது ளூ, ழூ, ஞூ போன்றவை. ஸ்ரீயையும் மறக்கக் கூடாது. இவற்றை முதலில் வரைந்து, எல்லை எங்கே என்று பார்த்து, கொஞ்சம் இடம்விட்டு எண்ணை முடிவுசெய்யுங்கள். விண்டோஸில் பல செயலிகள் அதே பக்கத்தில் இருக்கும் 'வின்' ஏறுயர, இறங்குயர எண்களுக்கு வெளியே போவதை வெட்டிவிடும். திரையில் ழூவின் வால் அறுந்து தெரிந்தால் பார்க்க வேண்டிய இடம் இதுதான். மேக் கணினி எச்எச்இஏ என்ற இன்னோர் அட்டவணையில் இருக்கும் எண்களைப் பார்க்கும். இரண்டிலும் வெவ்வேறு எண்கள் இருந்தால் ஒரே ஆவணம் இரண்டு கணினிகளில் இரண்டு விதமாக வரும். நான் இரண்டுக்கும் ஒரே எண்களைக் கொடுத்து, வரி இடைவெளி எண்ணைப் பூஜ்யமாக வைத்துவிடுகிறேன். சாதாரணம், தடிமன் என்று எத்தனை எடை இருந்தாலும் எல்லாவற்றிலும் அதே எண்கள்தான்.

சரி, தமிழுக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கும் வேலையை எழுத்துரு செய்வதில்லை. அதைச் செய்வது ஹார்ஃப்பஸ், டைரக்ட்ரைட், கோர்டெக்ஸ்ட் போன்ற, தட்டிய எழுத்துகளைத் திரையில் அடுக்கித் தரும் வடிவமைப்பு இயந்திரங்கள். தொடக்கத்தில் இது தெரியாமல், கொம்பை இடம் மாற்றும் விதிகளை நானே எழுதி, ஓர் இடத்தில் சரியாகவும் இன்னோர் இடத்தில் இரட்டைக் குழப்பமாகவும் வந்து திணறினேன். எழுத்துரு தர வேண்டியது வடிவங்களும் இணைப்பு விதிகளும் மட்டும். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை இயந்திரம் இரண்டாகப் பிரித்துக்கொள்ளும். ஆகவே அந்த மூன்றையும் ஒரே கிளிஃபாக (எழுத்துருவில் உள்ள ஒரு தனி வடிவத்துக்குக் கிளிஃப் என்று பெயர்) அழகழகாக வரைந்து நேரம் செலவழிக்க வேண்டாம், அவை திரையில் வருவது அபூர்வம். ஆனால் அவற்றின் யூனிகோட் இடங்களைக் காலியாக விடவும் கூடாது. இடம் காலியாக இருந்தால் சில செயலிகள் இந்த எழுத்துருவில் இந்தக் குறி இல்லை என்று எண்ணி வேறு எழுத்துருவுக்குத் தாவிவிடும். ஔகாரக் குறியின் வலப்பகுதி ளகரத்தைப் போலவே இருந்தாலும் அதற்கென்று தனி யூனிகோட் இடம் உண்டு. அதைத் தனிக் கிளிஃபாக வையுங்கள். அது இல்லாத எழுத்துருவில் 'கௌ' ஒழுங்காக வராது.

இணைப்பு விதிகளை எந்த எழுத்துமுறைக் குறிச்சொல்லின் கீழ் பதிவுசெய்கிறோம் என்பதும் முக்கியம். தமிழுக்குப் பழைய குறிச்சொல் டிஏஎம்எல், புதியது டிஎம்எல்2. ஒன்றை மட்டும் வைத்தால் ஏதோ ஒரு செயலியில் கு, கூ வடிவங்கள் உடைந்து, எழுத்தும் குறியும் தனித்தனியாக நிற்கும். நான் ஒவ்வொரு விதித்தொகுப்புக்கும் இரண்டையும் கொடுத்துவிடுகிறேன். இணைப்பு விதிகள் அம்சங்கள் என்ற பெயரிட்ட தொகுதிகளில் இருக்கும், இயந்திரம் அவற்றை ஒரு வரிசைப்படி ஓட்டும். க்ஷ ஏகேஎச்என் அம்சத்தில் இருக்க வேண்டும். புள்ளி வைத்த மெய்களை ஹாஃப், ஹால்ன் அம்சங்களில் வைக்கிறேன். ஒருமுறை எல்லா மெய்களையும் சிசிஎம்பி அம்சத்தில் போட்டிருந்தேன். அது முன்னதாகவே ஓடி, 'க்' ஒரே கிளிஃபாகிவிட்டது. பிறகு வரும் க்ஷ விதிக்கு ககரமும் புள்ளியும் தனித்தனியாகக் கிடைக்கவில்லை. பக்ஷம் என்று அடித்தால் க், ஷ இரண்டும் பிரிந்தே நின்றன.

இதைவிடக் கண்டுபிடிக்கக் கடினமான தவறு ஒன்று உண்டு. விதித்தொகுப்பின் கொடிகளில், அதாவது போடவோ எடுக்கவோ கூடிய அமைப்புகளில், 'இக்னோர் மார்க்ஸ்' என்று ஒன்று இருக்கும். புள்ளியை நீங்கள் கிளிஃப் வகையில் 'மார்க்' (எழுத்தோடு ஒட்டும் குறி) என்று குறித்து, இந்தக் கொடியையும் போட்டுவிட்டால், இயந்திரம் புள்ளியைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும். ககரத்துக்குப் பின் புள்ளி என்ற விதி ஒருபோதும் பொருந்தாது. பிழைச்செய்தி எதுவும் வராது, இணைப்பு மட்டும் நடக்காது. இணைப்புகள் மொத்தமாகக் காணாமல் போனால் முதலில் இந்தக் கொடியைப் பாருங்கள்.

செயலிக்குள் இருக்கும் அளவைச் சாளரத்தில் தட்டிப் பார்த்து 'வந்துவிட்டது' என்று முடிவுகட்டாதீர்கள். நான் பயன்படுத்திய பதிப்புகளில் அது இணைப்புகளைக் காட்டியது, கொம்பின் இடமாற்றத்துக்கு அதை நம்ப முடியவில்லை. நான் நம்புவது ஹார்ஃப்பஸோடு வரும் இரண்டு கட்டளைக் கருவிகளை. எச்பி-வியூ படமாகக் காட்டும். எச்பி-ஷேப் எந்தெந்தக் கிளிஃப்கள் எந்த வரிசையில் வந்தன என்று பெயரோடு எழுதிக் காட்டும். சோதனைக்கு உயிர்மெய் வரிசை முழுவதையும், கிரந்தத்தையும், ஸ்ரீயை ஸகரத்தோடும் ஶகரத்தோடும் எழுதும் இரண்டு முறைகளையும் ஒரே உரைக் கோப்பில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறை எழுத்துருவை உருவாக்கியதும் அந்தக் கோப்பு ஓடும். புள்ளிக்கோட்டு வட்டம், அகலமற்ற இணைப்பான், அகலமற்ற பிரிப்பான் ஆகிய மூன்று கிளிஃப்களும் இருக்கின்றனவா என்றும் அப்போதே பார்த்துவிடுவேன். தனியாக ஒரு குறியைத் தட்டினால் இயந்திரம் அந்த வட்டத்தைத்தான் தேடும்.

அப்புறம், நினைவகச் சேமிப்பு. திருத்திய எழுத்துருவை நிறுவிய பிறகும் பழைய வடிவமே தெரிகிறது என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். நானும் ஒரு மாலை முழுவதும் சரியாக இருந்த விதியை மாற்றி மாற்றி எழுதியிருக்கிறேன். இயங்குதளமும் செயலிகளும் எழுத்துருவைப் பெயரை வைத்து நினைவில் வைத்துக்கொள்கின்றன. லினக்ஸில் எஃப்சி-கேஷ் கட்டளை போதும். மற்றவற்றில் மறுதொடக்கம் வரை போக வேண்டியிருக்கும். சோதனைக் காலத்தில் நான் குடும்பப் பெயரின் முடிவில் ஒரு எண்ணைச் சேர்த்து ஒவ்வொரு முறையும் கூட்டிக்கொண்டே போவேன். பெயர் புதிது என்றால் பழைய நினைவுக்கு வேலையே இல்லை. பெயரைப் பற்றி இன்னொன்று: போஸ்ட்ஸ்கிரிப்ட் பெயரில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ கூடாது. பழைய விண்டோஸ் செயலிகளுக்காகக் குடும்பப் பெயர் 31 எழுத்துக்குள் இருக்கட்டும்.

பயன்படுத்துபவர்களிடமிருந்து வரும் புகார்களில் பாதி, எழுத்துருவில் இல்லாத குறைகள். வேர்டில் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தும் தமிழ் மட்டும் விண்டோஸோடு வரும் நிர்மலா எழுத்துருவில் வருகிறது என்பார்கள். வேர்ட் தமிழைச் சிக்கலான எழுத்துமுறை என்று தனியாகப் பிரித்து, அதற்கென்று தனி எழுத்துரு அமைப்பு வைத்திருக்கிறது. அங்கேயும் மாற்ற வேண்டும். நம் பக்கத்தில் பார்க்க வேண்டியது ஓஎஸ்/2 அட்டவணையின் யூனிகோட் வரம்புகளில் 20ஆவது பிட். தமிழ் இருக்கிறது என்று அறிவிப்பது அதுதான். இன்டிசைனில் கொம்பு இடம் மாறாமல் நின்றால், பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பிடிஎஃபில் எழுத்துரு பொதியவில்லை என்றால் பொதிவு அனுமதி எண்ணைப் பாருங்கள், பூஜ்யம் என்றால் தடையில்லை. பழைய டைப் 1 எழுத்துருக்களை வைத்திருப்பவர்கள் அவற்றை மாற்றியே ஆக வேண்டும். 2023 ஜனவரியோடு அடோபி செயலிகள் அந்த வகைக்கு ஆதரவை நிறுத்திவிட்டன.

மூலக் கோப்பு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகவே சொல்வேன். நிறுவிப் பயன்படுத்தும் டிடிஎஃப் கோப்பைத் திறந்து திருத்தி மறுபடி டிடிஎஃபாகவே சேமிக்காதீர்கள். டிடிஎஃப் இருபடி வளைவுகளைப் பயன்படுத்துகிறது, நாம் வரைவது முப்படி வளைவுகளில். ஒவ்வொரு மாற்றத்திலும் பாயிண்டுகள் பெருகும், வளைவு மெல்ல நெளியும். மூலத்தை முப்படியிலேயே வைத்துக்கொண்டு வெளியிடும்போது ஒரே ஒருமுறை மாற்றினால் போதும். ஃபான்ட்ஃபோர்ஜின் சொந்த மூலக் கோப்பு வடிவமான எஸ்எஃப்டி வெறும் உரைக் கோப்பு, பதிப்புகளைக் காத்துவைக்கும் கிட் கருவியில் வைத்து மாற்றங்களைப் பார்க்கலாம். செயலி நடுவில் மூடிக்கொண்டாலும் அடுத்த முறை திறக்கும்போது மீட்கவா என்று கேட்கும். அது என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

கடந்த மூன்று ஆண்டுகளாக வேலையைப் பிரித்துவிட்டேன். வரைவதும் இடைவெளி அமைப்பதும் ஃபான்ட்ஃபோர்ஜில். அங்கிருந்து யுஎஃப்ஓ என்ற பொதுவான மூலக் கோப்பு வடிவில் எடுக்கிறேன். அதில் ஒவ்வொரு கிளிஃபும் தனிக் கோப்பு என்பதால் எதை எப்போது மாற்றினேன் என்று துல்லியமாகத் தெரியும். இணைப்பு விதிகளைச் சாளரங்களில் சொடுக்கிச் சேர்ப்பதை விட்டுவிட்டு, தனி உரைக் கோப்பில் எழுதுகிறேன். விதிகளின் வரிசை கண்முன்னே இருக்கும், வேறொரு எழுத்துருவுக்கும் அப்படியே எடுத்துப் போகலாம். இரண்டையும் சேர்த்து ஃபான்ட்மேக் என்ற கட்டளைக் கருவி எழுத்துருவாக்கித் தருகிறது, வளைவு மாற்றத்தையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. சந்தேகம் வந்தால் டிடிஎக்ஸ் கருவியால் முடிந்த எழுத்துருவை எக்ஸ்எம்எல்லாக விரித்துப் படிப்பேன்.

தமிழ் எழுத்துரு வரையத் தொடங்குபவருக்கு ஃபான்ட்ஃபோர்ஜைப் பரிந்துரைப்பேனா என்றால், நிச்சயமாக. ஒரே வடிவத்தைப் பல எடைகளில் மாறும் எழுத்துருவாகச் செய்ய விரும்புபவருக்கு மட்டும் வரையும் கட்டத்திலிருந்தே வேறு செயலியைப் பாருங்கள் என்பேன். இரண்டு எடைகளிலும் பாயிண்டுகள் ஒரே எண்ணிக்கையில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும், அதைக் கண்காணிக்க மற்றவற்றில் நல்ல வசதி இருக்கிறது. நானே அந்த வேலையில்தான் இப்போது இருக்கிறேன். மெல்லிய எடையில் ஞகரம் 38 பாயிண்டுகள், தடித்த எடையில் 41. கூடுதலாக இருக்கும் மூன்றும் எந்தச் சுழியில் ஒளிந்திருக்கின்றன என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.