அவசரகால அலைவரிசைகளைக் கண்காணிக்க ஐகாம் ஐசி-7300: பெங்களூருவிலிருந்து ஒரு நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

பேரிடர் நேரத்தில் ஹாம்கள் (உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர்கள்) கூடிப் பேசுவதற்கென்று பன்னாட்டு அமெச்சூர் ரேடியோ ஒன்றியம் சில அலைவரிசைகளைக் குறித்து வைத்திருக்கிறது. இந்தியா இடம்பெறும் மூன்றாம் மண்டலத்துக்கு அவை 3600, 7110, 14300, 18160, 21360 கிலோஹெர்ட்ஸ். பெரும்பாலான நாள்களில் இவற்றில் அவசரச் செய்தி எதுவும் வருவதில்லை. ஆகவே, பேச்சு வரும்போது ஒரு கருவி எவ்வளவு இனிமையாக ஒலிக்கிறது என்பதைவிட, பேச்சே இல்லாத நீண்ட நேரத்தில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் நான் முக்கியமாகப் பார்த்தேன். அல்சூரில் உள்ள எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் 7 மெகாஹெர்ட்ஸுக்கான, சுமார் 20 மீட்டர் நீள டைபோல் ஆன்டெனாவை வைத்து, ஐகாம் நிறுவனத்தின் ஐசி-7300 எனும் ஹாம் வானொலிக் கருவியைப் பல ஆண்டுகளாக இதற்காகவே பயன்படுத்தி வருகிறேன்.

முதலில் ஸ்கேன் வசதி. மேற்சொன்ன ஐந்து அலைவரிசைகளையும் மெமரியில் பதிந்து, அவற்றை மட்டும் தேர்ந்தெடுத்துச் சுற்றிவரச் செய்யலாம். சிக்னல் கிடைத்தால் பத்து நொடி நின்று பிறகு நகர்வதா, அங்கேயே நின்றுவிடுவதா என்பதை மெனுவில் நாமே முடிவு செய்யலாம். அவசரக் கண்காணிப்புக்கு இரண்டாவதுதான் சரி; ஆபத்தில் இருப்பவர் பத்து நொடிக்குள் தன் இருப்பிடத்தைச் சொல்லி முடிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் இந்த அலைவரிசைகளில் குரல் அனுப்பும் எஸ்எஸ்பி முறையில், ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது ஒலியை அடைத்து வைக்கும் வசதி) என்பது சிக்னலின் வலிமையை மட்டுமே பார்ப்பதால், மின்னல் வெட்டினாலும் அது திறந்துகொள்ளும். ஏப்ரல், மே மாத மாலைகளில் இடிமழை திரளும்போது, 3600-இல் ஒவ்வொரு 'படார்' ஒலிக்கும் ஸ்கேன் நின்றுவிடும். எந்தக் கருவியானாலும் இந்த முறைக்கு இது இயல்பான தடைதான்.

இதனால் நான் நாளடைவில் ஸ்கேனைக் குறைத்துக்கொண்டு, வரும் சிக்னல்களை மேலிருந்து கீழே வழியும் படமாகக் காட்டும் வாட்டர்ஃபால் திரையை நம்பத் தொடங்கினேன். 7110-ஐ நடுவில் வைத்து, ஒலியை முழுவதும் குறைத்துவிட்டு வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தாலும், மனிதக் குரல் திரையில் அகலமான, விட்டுவிட்டு வரும் பட்டையாக இறங்குவது ஓரப் பார்வையிலேயே தெரிந்துவிடும். மின்னல் திரை முழுக்கக் குறுக்குக்கோடாக வரும். அக்கம்பக்கத்து மின்கருவிகளின் இரைச்சல் அசையாத செங்குத்துக் கோடுகளாக நிற்கும். இந்த மூன்றையும் கண்ணால் பிரித்தறியப் பழகிய பிறகு, ஒரு சிக்னலைத் தவறவிடுவோமோ என்ற கவலை எனக்குப் பெரிதும் குறைந்தது. இந்த ஒரு வசதிக்காகவே இக்கருவியைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்.

நகரின் இரைச்சல் தனிக் கதை. எல்ஈடி விளக்குகள், இன்வெர்ட்டர்கள், மின்வாகன சார்ஜர்கள் எல்லாம் சேர்ந்து 7 மெகாஹெர்ட்ஸில் மாலை வேளையில் சிக்னல் வலிமை காட்டும் மீட்டரை எஸ்7 வரை தூக்கி நிறுத்திவிடுகின்றன. எங்கள் பகுதியில் மின்தடை வந்தால் அதே மீட்டர் எஸ்3-க்கு இறங்கி, அதுவரை இல்லாதிருந்த நிலையங்கள் தெளிவாகக் கேட்கத் தொடங்கும். ஒரு எஸ் அலகு 6 டெசிபல் என்பதால், இது 24 டெசிபல் வேறுபாடு! இரைச்சல் குறைப்பு வசதிகள் ஓரளவுக்குத்தான் உதவும். ஆன்டெனாவைக் கட்டடத்தின் மின்கம்பிகளிலிருந்து தள்ளிக் கட்டியதே எனக்கு அதிகப் பலன் தந்தது.

எந்த நேரத்தில் எதைக் கேட்பது என்பதைத் தூரம்தான் தீர்மானிக்கிறது. சுமார் 290 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சென்னைக்குப் பகலில் 7110 பொருந்தும். இரவில், வானில் பட்டுத் திரும்பும் அதன் அலை சென்னையைத் தாண்டி விழும் என்பதால் 3600-க்கு இறங்க வேண்டும். போர்ட் பிளேருக்கோ (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) ஏறத்தாழ 1,650 கிலோமீட்டர். அதற்குப் பகலில் 14 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது, ஹாம் பயணக் குழுவுடன் போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் அவர்கள், மற்றத் தொடர்புகள் அறுந்திருந்த நிலையில், ஹாம் வானொலி வழியே தீவுகளின் நிலைமையை வெளியே தெரிவித்தார். அந்த நாளை நினைக்கும்போது, காதுகொடுத்துக் கேட்பவர்கள் இந்தப் பக்கம் இருப்பது எவ்வளவு அவசியம் என்று எனக்குத் தோன்றாமல் இருப்பதில்லை.

இக்கருவி 74.8 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும் திறனுடையது. அமெரிக்காவில் 'லோ பேண்ட்' எனப்படும் 30–50 மெகாஹெர்ட்ஸ் இதற்குள் அடங்கும். அங்கே 39.46, 45.86 மெகாஹெர்ட்ஸ் ஆகியவை காவல் துறைகள் தங்களுக்குள்ளும், 45.88 தீயணைப்புத் துறைகள் தங்களுக்குள்ளும் அவசரமாகத் தொடர்புகொள்வதற்கென உள்ளவை. மலை மறைவுகளில் வளைந்து செல்லும் இயல்பு இந்த அலைகளுக்கு உண்டு. ஆனால் 40 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீள ஆன்டெனாவே 1.9 மீட்டர் நீளம் என்பதால் கைக்கருவிகளுக்கு அவை ஒத்துவருவதில்லை. நான் 29.6 மெகாஹெர்ட்ஸ் எஃப்எம் ஹாம் அலைவரிசையோடு நிறுத்திக்கொள்கிறேன். நம் நாட்டில் அமெச்சூர் உரிமம் இல்லாமல் இக்கருவியை வைத்திருக்கக் கூடாது. உரிமம் இருந்தாலும் காவல்துறை போன்ற பிற சேவைகளின் பேச்சை ஒட்டுக்கேட்க அது அனுமதி ஆகாது.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, கேட்கும் நிலையில் இது சுமார் 0.9 ஆம்பியர் எடுக்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 22 ஆம்பியர்-மணி. வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைக் கொண்டே மூன்று நாள் தாக்குப்பிடிக்கும். ஆனால் இன்வெர்ட்டர் வழியாகச் செல்லாமல் பேட்டரியிலிருந்தே ஃபியூஸ் வைத்து நேரடியாக இணைக்க வேண்டும். இல்லையென்றால் இன்வெர்ட்டரின் இரைச்சல், நாம் கேட்கக் காத்திருக்கும் மெல்லிய குரலையே மூடிவிடும்.