மூன்று எஸ்யூவி, ஒரே பாதை: டெஸ்ட் டிரைவில் பின் சீட்டு சொன்ன தீர்ப்பு

எங்கள் முந்தைய காரைப் பத்து நிமிட டெஸ்ட் டிரைவை நம்பித்தான் வாங்கினோம். வழவழப்பான சாலையில் ஒரு சுற்று. பிக்கப் நன்றாக இருந்தது, ஏசி குளுகுளுவென்று இருந்தது, கையெழுத்துப் போட்டுவிட்டோம். வண்டி வீட்டுக்கு வந்த மறுநாள், அப்போது கைக்குழந்தையாக இருந்த மகனின் சீட்டைப் பின்னால் மாட்டினேன். பின்பக்கம் பார்த்தபடி மாட்டும் சீட்டு அது. அதற்கு இடம் கொடுக்க முன் சீட்டைத் தள்ளிக்கொண்டே போனேன். என் கணவர் ஏறி உட்கார்ந்தார், முழங்கால் டேஷ்போர்டில் முட்டியது. மகன் அந்தச் சீட்டை விட்டு வளரும்வரை அவர் பின்னால்தான் உட்கார்ந்து வந்தார்.

இப்போது மகனுக்கு எட்டு வயது, மகளுக்கு ஒன்றரை. முழங்கால் வலியுள்ள மாமியாரும் எங்களோடு இருக்கிறார். இந்த முறை வண்டியை ஓட்டிப் பார்த்தால் போதாது, உட்கார்ந்தும் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தோம். ஒரே பாதை, ஒரே ஆட்கள், மகளின் சீட்டு, ஸ்ட்ரோலர் எல்லாம் கூடவே. போகும்போது நான் ஓட்டுவேன், திரும்பும்போது அவர் ஓட்ட நான் பின்னால். ஒரு மணி நேரம் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டபோது மூன்று இடத்திலும் கொடுத்தார்கள்.

எடுத்துப் பார்த்தவை மூன்று வகை. முதலாவது, லேடர் ஃப்ரேம் டீசல், ஏழு சீட்டு. டொயோட்டா ஃபார்ச்சூனர், ஃபோர்டு எவரெஸ்ட் எல்லாம் இந்த ரகம். ஏணி மாதிரியான இரும்புச் சட்டத்தின் மேல் உடம்பைத் தனியாக உட்காரவைத்துப் போல்ட் போட்டிருப்பார்கள். இரண்டாவது, சட்டமும் உடம்பும் ஒன்றாகவே இருக்கும் மோனோகாக் ஹைபிரிட், ஐந்து சீட்டு. டொயோட்டா ராவ்4, ஹோண்டா சிஆர்-வி ஹைபிரிட் போல. மூன்றாவது, மூன்று வரிசை எலக்ட்ரிக், கியா இவி9 போல. நாங்கள் ஓட்டிய வண்டிகளின் பெயர் இங்கே முக்கியமில்லை. கீழே நான் எழுதுவதில் பெரும்பகுதி வகைக்கு வகை வரும் வித்தியாசம்தான்.

டர்போ பெட்ரோலை ஏன் விட்டோம் என்று கேட்பீர்கள். எங்கள் தினசரி ஓட்டத்தில் பாதி நெரிசலில் ஊர்வது. டர்போ பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் வரும், எண்ணெயில் நனையாத ட்ரை கிளட்ச் வைத்த டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் (இரண்டு கிளட்சுகள் மாறி மாறி கியர் மாற்றும் ஆட்டோமேட்டிக்) அந்த ஊர்தலில் சூடேறும். அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

ஏறும்போதே பாதி தெரிந்துவிட்டது

டீசல் வண்டியின் கதவைத் திறந்ததும் அத்தை ஒரு நிமிடம் அப்படியே நின்றார். அப்புறம் இடது காலை ஃபுட்போர்டில் வைத்து, பக்கத் தூணில் இருந்த கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். முதல் முறை உடம்பு எழவில்லை. மகன் பின்னாலிருந்து தாங்க, மூன்றாவது முயற்சியில் ஏறினார். இறங்கும்போது இன்னும் கஷ்டம். ஃபுட்போர்டு கண்ணுக்குத் தெரியாமல் காலால் துழாவ வேண்டியிருந்தது. அந்தப் பலகை மழையில் நனைந்திருந்தால் என்ன ஆகும் என்றுதான் எனக்கு ஓடியது.

ஹைபிரிட்டில் சீட்டு அவருடைய இடுப்பு உயரத்தில் இருந்தது. ஏறவே இல்லை. திரும்பி உட்கார்ந்தார், காலை உள்ளே எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். முழங்கால் வலிக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கூட இருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

எலக்ட்ரிக்கில் நான் எதிர்பார்க்காத ஒன்று வந்தது. ஏறுவது சுலபம், கால் நீட்ட தாராள இடம், தரை சமதளம். ஆனால் பத்து நிமிடம் கழித்து அத்தை நெளிய ஆரம்பித்தார். “கால் தரையில இருக்கு, தொடை அந்தரத்துல நிக்குதும்மா” என்றார். பேட்டரி தரைக்கடியில் படுத்திருப்பதால் தரை மேலே வந்துவிடுகிறது. சீட்டையும் அதே அளவு உயர்த்தவில்லையென்றால் முழங்கால் மேலே தூக்கிக்கொண்டு, தொடைக்கு அடியில் ஆதரவு இல்லாமல் போய்விடும். ஷோரூமில் நின்ற வண்டியில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் இது தெரியாது. எல்லா எலக்ட்ரிக்கும் இப்படி இல்லை, ஆனால் எந்த எலக்ட்ரிக் எடுத்தாலும் இரண்டாம் வரிசையில் இருபது நிமிடமாவது உட்கார்ந்து பாருங்கள்.

குண்டும் குழியும்

லேடர் ஃப்ரேம் வண்டிக்கு மோசமான ரோடுதான் பலம் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. பெரிய பள்ளம், உயரமான வேகத்தடை என்றால் அது பயப்படாமல் இறங்கி ஏறுகிறது. ஓட்டுபவருக்கு ராஜா மாதிரி இருக்கும், எனக்கும் இருந்தது. திரும்பும்போது பின்னால் உட்கார்ந்தேன். பெயர்ந்து பெயர்ந்து ஒட்டுப் போட்ட சாலையில் உடம்பு நிற்காமல் அதிர்ந்தது. இந்த வகையில் பெரும்பாலானவற்றுக்குப் பின் அச்சு இரண்டு சக்கரத்தையும் சேர்த்த ஒரே கனமான தண்டு. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதையும் சேர்த்துச் சாய்க்கும். அதனால் பின்னால் இருப்பவர்களின் தலை மேலும் கீழும் மட்டும் ஆடாது, பக்கவாட்டிலும் ஆடும். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய தலை சீட்டின் இரண்டு பக்கத்திலும் மாறி மாறி இடிப்பதைப் பார்த்துக் கையை வைத்துத் தாங்கிக்கொண்டே வந்தேன்.

எலக்ட்ரிக்கின் கனமும் நீளமான வீல்பேஸும் (முன், பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம்) அலை அலையான சாலையில் அருமையாக வேலை செய்தன. இவி9-க்கு வீல்பேஸ் 3,100 மி.மீ., ஃபார்ச்சூனருக்கு 2,745. முன்னும் பின்னும் தூக்கிப்போடும் ஆட்டம் நீளமான வண்டியில் குறையும். ஆனால் விளிம்பு கூர்மையான குழி வந்தால் ‘டங்’ என்று ஒரு அடி. காரணம் டயர்.

டயர் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணை எல்லோரும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 235/60 ஆர்18 என்றால் அகலம் 235 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், அதாவது 141 மி.மீ., சக்கரம் 18 அங்குலம். 255/45 ஆர்20 என்றால் சுமார் 115 மி.மீ.தான். சக்கரம் பெரிதாகத் தெரியும், ஆனால் இரும்புக்கும் குழிக்கும் நடுவில் இருக்கும் காற்று மெத்தை ஒரு விரற்கடைக்கு மேல் குறைந்துவிடும். டெஸ்ட் டிரைவுக்கு வைத்திருப்பது பெரும்பாலும் டாப் மாடல், பெரிய சக்கரம். நீங்கள் வாங்கப் போவது நடு மாடல் என்றால் அதையே கேளுங்கள். காற்றழுத்தத்தையும் பாருங்கள். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவோடு ஒப்பிட இரண்டு நிமிடம் போதும். நாங்கள் எடுத்த மூன்றில் ஒன்றில் காற்று அதிகமாக இருந்தது. சரிசெய்துவிட்டு அதே வேகத்தடையில் இன்னொருமுறை ஏற்றினோம், வேறு வண்டி போல இருந்தது.

இந்தச் சுற்றில் ஜெயித்தது ஹைபிரிட். பெரிய பள்ளத்தில் டீசலைப் போல அலட்சியமாகப் போக முடியாது, வேகத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் மகள் எழுந்திருக்கவே இல்லை.

நெரிசல், ஏசி, குமட்டல்

மதிய வெயிலில் அரை மணி நேரம் நிறுத்திய வண்டியில் ஏறி, நேராக நெரிசலுக்குள் போகச் சொல்லுங்கள். டீசலில் சிக்னலில் இன்ஜின் தானாக நின்றதும் ஏசி கம்ப்ரசரும் நின்றுவிட்டது. அது இன்ஜின் பெல்ட்டில் ஓடுவது. ஊதும் காற்று மட்டும் வரும், குளிர்ச்சி மெல்ல இறங்கும். ஹைபிரிட்டிலும் எலக்ட்ரிக்கிலும் கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுகிறது, இன்ஜின் அணைந்திருந்தாலும் குளிர் குறையாது. நெரிசலில் வாழும் குடும்பத்துக்கு இந்த ஒரு வித்தியாசமே காசு கொடுத்து வாங்கத் தக்கது.

எலக்ட்ரிக்கில் நான் ஆசையோடு ஓட்டியது ஒற்றைப் பெடலில். காலை எடுத்தால் போதும், மோட்டார் வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்குத் திருப்பும், வண்டி தானே நிற்கும். அரை மணி நேரத்தில் பழகிவிட்டேன், பெருமையாகவும் இருந்தது. பின்னாலிருந்து மகன், “அம்மா, கொஞ்சம் நிறுத்தும்மா” என்றான். முகம் வெளுத்திருந்தது. ஓட்டுபவருக்கு எப்போது வேகம் குறையும் என்று தெரியும், பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. கால் லேசாக அசைந்தாலும் அவர்கள் தலை முன்னே போய் வருகிறது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள பட்டையை இழுத்து அந்தப் பிடிப்பை மிகக் குறைந்த நிலைக்கு மாற்றினேன், பிரேக்கைப் பழையபடி காலால் மிதித்தேன். பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டான். ஆகவே இது வண்டியின் குறை என்று சொல்ல மாட்டேன். ஆனால் டெஸ்ட் டிரைவில் தனியாகப் போயிருந்தால் வண்டியை வாங்கிய பிறகுதான் இது தெரிந்திருக்கும்.

ஹைபிரிட்டில் கவனிக்க வேண்டியது நிற்கும் கடைசி நொடி. மோட்டார் பிடிப்பிலிருந்து சாதாரண பிரேக்குக்குக் கை மாறும் இடத்தில் சில வண்டிகள் லேசாக இழுத்து நிற்கும். நாங்கள் ஓட்டியதில் இருந்தது, இரண்டு நாளில் கால் பழகிவிடும் அளவுதான்.

நெடுஞ்சாலை

இங்கே டீசல் தலைநிமிர்ந்தது. ஃபார்ச்சூனர் 2.8 ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. இந்த அளவு இருக்கும்போது லாரியை முந்த யோசிக்கவே வேண்டாம். குடும்பம், பெட்டி எல்லாம் ஏற்றியும் மூச்சு வாங்காது.

ஹைபிரிட்டில் மேடு ஏறும்போது முழுதாக மிதித்தால் இன்ஜின் ஒரே சுருதியில் இரையும், வேகம் அப்புறம்தான் வரும். டொயோட்டா 1997-இல் பிரியஸில் கொண்டுவந்த அமைப்பில் வழக்கமான கியர் மாற்றம் கிடையாது. கிரக கியர் (நடுவிலுள்ள பற்சக்கரத்தைச் சுற்றிச் சிறிய பற்சக்கரங்கள் சுழலும் அமைப்பு) ஒன்று இன்ஜினையும் இரண்டு மோட்டாரையும் கலந்து கொடுக்கிறது. ஹோண்டாவின் முறையில் பெரும்பாலும் இன்ஜின் மின்சாரம் தயாரிக்கும், மோட்டார் சக்கரத்தைச் சுற்றும். நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் கிளட்ச் இன்ஜினை நேராகச் சக்கரத்தோடு இணைக்கும். இரண்டும் சிக்கனத்துக்குச் செய்தவை. கியர் மாறும் உணர்வை விரும்புகிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கலாம், எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

எலக்ட்ரிக்கின் அமைதிக்கு ஈடில்லை. 100 கி.மீ. வேகத்தில் மூன்றாம் வரிசையில் இருந்து மகன் சாதாரணக் குரலில் பேசியது எனக்கு முன்னால் தெளிவாகக் கேட்டது. டீசலில் கத்த வேண்டியிருந்தது. ஒரே ஒரு வருத்தம், ஏசி காற்றின் திசையை மாற்றக் கூடத் திரையைத் தொட வேண்டும். கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் தரும் யூரோ என்கேப் அமைப்பு 2026-லிருந்து இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தானோ நெம்புகோலோ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று கொண்டுவந்திருப்பது எனக்கு நிம்மதி.

மூன்றாம் வரிசை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டீசலில் அச்சும் சட்டமும் கீழே இருப்பதால் தரை உயர்ந்து, பெரியவர்கள் குந்தியது போலத்தான் உட்கார முடியும். எலக்ட்ரிக்கில் உண்மையாகவே உட்காரலாம். டிக்கியை லிட்டர் கணக்கில் பார்க்காதீர்கள், உங்கள் ஸ்ட்ரோலரை வைத்துக் கதவை மூடிப் பாருங்கள். மூன்றாம் வரிசையை விரித்த நிலையில் டீசலில் மூடவில்லை.

பானட்டுக்கு முன்னால்

கடைசியாக எங்கள் பார்க்கிங்கில் ஒரு சோதனை. இன்ஜினை அணைத்து, சாவியைக் கணவரிடம் கொடுத்துவிட்டு ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தேன். அவர் மகளின் கையைப் பிடித்து டீசல் வண்டியின் பானட்டுக்கு முன்னால் நிறுத்தினார். மகள் தெரியவில்லை. மூன்று எட்டு பின்னால் போனார்கள், இன்னும் அவள் உச்சி தெரியவில்லை. கணவரின் கை மட்டும் கீழ்நோக்கிப் போய் எங்கோ மறைந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கேமரா இருந்தது, உண்மை. ஆனால் அவசரமாகக் கிளம்பும் எல்லாக் காலையிலும் அதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்த்துவேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஹைபிரிட்டில் பானட் தாழ்வு, இரண்டாவது எட்டிலேயே மகளின் தலை ரிப்பன் தெரிந்தது.

நாங்கள் ஹைபிரிட்டைத்தான் எடுக்கிறோம், 18 அங்குலச் சக்கரத்தோடு. மூன்றாம் வரிசை வருடத்தில் நாலைந்து முறைதான் தேவைப்படும், அதற்காக அத்தையைத் தினமும் ஏணி ஏற்ற மனமில்லை. வீட்டில் சார்ஜர் போட இடமுள்ள, பிள்ளைகள் வளர்ந்துவிட்ட குடும்பமாக இருந்தால் எலக்ட்ரிக்கைத் தயங்காமல் சொல்வேன். ட்ரெய்லர் இழுப்பவர்களுக்கும் சேற்றிலும் மலைத்தடத்திலும் போகிறவர்களுக்கும் டீசலை விட்டால் வேறில்லை. எவரெஸ்ட் 3,500 கிலோ வரை இழுக்கும், லோ ரேஞ்ச் கியர் (மெதுவாக, அதிக இழுவிசையோடு போக உதவுவது) உள்ள வண்டி போகும் இடத்துக்கு எங்கள் தேர்வு கிட்டவே வராது.

முன்பணம் கட்டுவதற்கு முன் இரவில் ஒருமுறை அதே ஹைபிரிட்டை மறுபடி எடுத்தோம், ஹெட்லைட் வெளிச்சத்துக்காக. குழந்தை சீட்டுகளுக்கான ஐ.நா. விதி 129-இன்படி குழந்தை குறைந்தது 15 மாதம் பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும். நாங்கள் அதற்கு மேலும் அப்படியேதான் வைத்திருக்கிறோம். அதனால் மகளின் சீட்டை மறுபடி குழந்தை சீட்டை வண்டியோடு பிணைக்கும் ஐசோஃபிக்ஸ் கொக்கியில் ‘க்ளிக்’ என்று மாட்டினேன். கணவர் அதற்கு முன்னால் ஏறி உட்கார்ந்து, முழங்காலுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் கையை வைத்துக் காட்டினார். நான்கு விரல் இடைவெளி இருந்தது.