வளரும் ஊராட்சிக்குத் திட்டம் யார் போடுவது? கோபாலபுரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே போனால் கோபாலபுரம் தாண்டியதும் கேரளம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் என்று அந்தப் பக்கத்து ஊர்களிலும் வீட்டுப் பேச்சு தமிழ்தான். பெண் கொடுத்ததும் எடுத்ததும் இரண்டு பக்கமும் உண்டு. என் சின்னம்மா வாழ்க்கைப்பட்டது அங்கே. தென்னந்தோப்பு ஒரே மாதிரி, வெயிலும் ஒரே மாதிரி. ஊர் வளரும்போதுதான் எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிகிறது. தோப்பை வெட்டி சைட் போடும்போது தெரு எத்தனை அடி, மழைத்தண்ணீர் எந்த வழி, குப்பை எங்கே என்று முடிவெடுக்கும் முறை இங்கே ஒன்று, அங்கே வேறொன்று.

இதை எழுதக் காரணம் ஒரு பள்ளம். எங்கள் தெருவுக்குக் கீழே மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடும் சின்னப் பள்ளம் அது. பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடியதால் புலப்படத்தில், அதாவது சர்வே எண்ணுக்கான அரசு நில அளவை வரைபடத்தில், அதற்குக் கோடு கிடையாது. நில விவரம் எழுதும் அ-பதிவேட்டில் வெறும் புஞ்சை. அந்தத் தோப்பு சைட் ஆனபோது முறையாக அனுமதி வாங்கினார்கள், கல் நட்டார்கள், மண் கொட்டிப் பள்ளத்தை மேடாக்கினார்கள். அடுத்த ஐப்பசியில் நான்கு வீடுகளுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அலுவலகத்தில் போய்க் கேட்டோம். காகிதம் எல்லாம் சரியாகவே இருந்தது. நெல் மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிவைத்துவிட்டு, பக்கத்து வீட்டு ஆத்தா சொன்னார்: "இங்க தண்ணி எப்படிப் போகும்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பனே, சாமி."

அதிலிருந்து எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இது அந்த ஆத்தாவிடம் எப்போது கேட்கிறது? கேட்டதை எங்கே எழுதிவைக்கிறது? எங்களைப் போன்ற ஊருக்கு இன்று மூன்று வழி உண்டு. மூன்றையும் இந்த அளவுகோலால் அளந்து பார்க்கிறேன்.

முழுமைத் திட்டம்

மாஸ்டர் பிளான் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். தமிழ்நாட்டின் 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி போடுவது. இந்த சர்வே எண் குடியிருப்பு, இது விவசாயம், இது தொழிற்சாலை, இந்த ரோடு இத்தனை மீட்டர் அகலம் என்று நிலத்தின்மேலேயே முடிவு எழுதுகிற அதிகாரம் இந்த மூன்றில் இதற்கு மட்டும்தான் இருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. 3,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால் 10 சதவீதம் திறந்தவெளி ஒதுக்க வேண்டும் என்று விதி இருப்பதால்தான் எங்கள் பக்கத்துப் புது சைட்டுகளில் பிள்ளைகள் ஓடி விளையாட ஒரு துண்டு இடமாவது மிஞ்சியிருக்கிறது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகு, எத்தனை குடும்பங்கள் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தன என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். முன்கூட்டியே திட்டம் இருந்த இடங்களில் அந்த அலைச்சல் குறைவு.

குறை, காலம். கோயம்புத்தூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1994-இல் ஒப்புதலான திட்டத்தை வைத்துக்கொண்டு 30 ஆண்டுகள் ஓட்டினோம். புது வரைவு வெளியானது 2024-இல். அந்த 30 ஆண்டில் ஊர் என்னவாக மாறியது என்று அவிநாசி சாலையில் ஒருமுறை போய்வந்தாலே புரியும். எல்லை ஊர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பெரிய நகரத்தின் திட்டப் பரப்புக்குள் நம்மைச் சேர்த்தால் நாம் அதில் ஓர் ஓரம். வடக்கே ஆந்திர எல்லையில் கும்மிடிப்பூண்டியும் அரக்கோணமும் அப்படித்தான்: 2022-இல் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தபோது அந்தப் பக்கங்களும் உள்ளே வந்தன.

ஆத்தாவிடம் கேட்பது இதில் கடைசியில்தான். வரைவை வெளியிட்ட பிறகு, ஆட்சேபனை சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும் என்கிறது சட்டம். ஒரு வரைவை ஒட்டிவைத்திருந்த இடத்துக்கு நானும் போய்ப் பார்த்தேன். எங்கள் ஊர் கட்டைவிரல் நகத்தளவு இருந்தது. பள்ளம் இருந்த இடம் குடியிருப்புக்கான மஞ்சள். விளக்கக் குறிப்பு ஆங்கிலத்தில். தோப்பில் தேங்காய் போட ஆள் பிடித்து, மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வருகிறவர் அந்தத் தாளுக்கு முன் நின்று என்ன ஆட்சேபனை எழுதுவார்? அவருக்குத் தெரிந்தது எதுவும் அந்தத் தாளில் இல்லை.

கேரளத்து வழி

1996 ஆகஸ்ட் 17-இல், மலையாளச் சிங்ஙம் மாதம் ஒன்றாம் தேதி, கேரளம் ஜனகீய ஆசூத்ரணம் என்ற மக்கள் திட்டத்தைத் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகள் கையில் கொடுத்து, என்ன செய்வது என்று நீங்களே முடிவு பண்ணுங்கள் என்று சொன்னது. ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் எவ்வளவு வரும் என்பது மாநில பட்ஜெட்டோடு வரும் நான்காம் பிற்சேர்க்கையில் அச்சாகிவிடும். இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் அந்த முறையை மதிக்கிறேன். பணம் இவ்வளவு என்று தெரிந்துகொண்டு பேசும் கூட்டத்துக்கும், மனு கொடுத்துவிட்டு வானத்தைப் பார்க்கும் கூட்டத்துக்கும் பேச்சே வேறு.

சின்னம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு வார்டு கிராமசபைக்குக் கூடவே போனேன். அங்கே வார்டுக்கு ஒரு கிராமசபை. குடும்பஸ்ரீ என்ற கேரள அரசின் மகளிர் திட்டத்து அயல்கூட்டப் பெண்கள்தான் முன்வரிசை. வார்டு மெம்பர் பட்டியலை வாசிக்க வாசிக்க, சின்னம்மா எழுந்து, "மெம்பரே, போன தடவை எழுதின ஓடைப் பாலம் இதுல காணோமே" என்று தமிழிலேயே கேட்டார். மெம்பரும் தமிழிலேயே பதில் சொன்னார், ஒருவர் நோட்டில் குறித்துக்கொண்டார். அப்புறம் ஒர்க்கிங் குரூப், வளர்ச்சிக் கருத்தரங்கு என்று அது மேலே போகும். எங்கள் பக்கத்தில் ஊராட்சிக்கு ஆண்டில் ஆறு கிராம சபை நடக்கிறது, கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டமும் போடுகிறோம். ஆனால் எங்கள் ஊராட்சி சின்னது. ஒரு செயலர், கணக்கு எல்லாம் அவர் தலையில். இன்ஜினியர் ஒன்றிய அலுவலகத்தில். கேரளத்துப் பஞ்சாயத்து பல மடங்கு பெரியது, அலுவலகமும் ஆட்களும் உள்ளது. அதைப் பார்க்காமல் "அங்கே முடிகிறது, இங்கே ஏன் முடியவில்லை" என்று கேட்பது நியாயமில்லை.

அங்கேயும் ஓட்டை உண்டு. பணத்தை வார்டு வார்டாகப் பங்கு போட்டுக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. பத்து வார்டுக்கும் பயன்படும் ஒரு பெரிய வடிகாலுக்குப் பதிலாக வார்டுக்கு ஐம்பது மீட்டர் கான்கிரீட். பயனாளிப் பட்டியலில் பெயர் வர வேண்டியவர்களே கூட்டத்துக்கு அதிகம் வருகிறார்கள். எல்லாவற்றையும்விடப் பெரியது: அந்த வருடத்துக்கு எந்த வேலை என்பதைத்தான் அது முடிவு செய்கிறது, நிலம் எப்படி மாறலாம் என்பதை அல்ல. 2001-இல் கேரள மக்களில் 26 சதவீதம் நகரவாசிகள், 2011-இல் 47.7. நிர்வாகத்தில் ஊராட்சியாக இருந்தும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரமாக எண்ணப்படும் சென்சஸ் டவுன் 99-இலிருந்து 461 ஆனது. அதாவது பெயர் பஞ்சாயத்து, வாழ்க்கை டவுன். நெல்வயலைக் காக்க 2008-இல் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. ஆத்தாவிடம் முதலிலேயே கேட்கிறார்கள், சரி. ஆனால் அவர் சொன்ன பள்ளத்தைக் காப்பாற்றும் தாள் அங்கேயும் இல்லை.

ஊரோடு நடக்கும் ஆய்வு

மூன்றாவது வழியைத்தான் நான் நீளமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதைப் பற்றி நம் ஊராட்சிகளில் யாரும் பேசுவதே இல்லை. கல்லூரியோ ஆய்வு மையமோ ஊராட்சியின் கேள்வியை எடுத்துக்கொண்டு வந்து, ஊர்க்காரர்களோடு நடந்து, அளந்து, வரைந்து கொடுப்பது.

இதற்கு முன்னோடி பக்கத்திலேயே இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் கண்ணூர் மாவட்டத்துக் கல்யாசேரியில் மக்கள் அறிவியல் இயக்கமான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் திருவனந்தபுரத்துப் புவி அறிவியல் ஆய்வு மையமும் சேர்ந்து, ஊர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து, நிலம், நீர், பயிர் என்று வயல் வயலாக வரைபடத்தில் ஏற்றின. பின்னால் வந்த மக்கள் திட்டத்துக்கு அது ஒரு விதை. அதே பரிஷத்தின் ஆய்வு மையம் பாலக்காடு மாவட்டம் முண்டூரில் 1987-இலிருந்து இருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்.

எங்கள் ஊரில் இதைச் சின்ன அளவில் செய்து பார்த்தோம். பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து என்எஸ்எஸ் முகாமுக்கு ஏழு நாள் வந்த பிள்ளைகள். அரசின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் புலப்படங்களை இறக்கி, ஒட்டிச் சேர்த்து, போர்வை அளவுக்கு ஒரு தாள் ஆக்கினார்கள். அந்தத் தாளைச் சுருட்டிக்கொண்டு ஆத்தாவையும், கிணறு வெட்டிப் பழகிய ஒரு பெரியவரையும் முன்னால் நடக்கவிட்டார்கள். தண்ணீர் ஓடிய தடம் நீலம், அடைபட்ட குழாய்ப் பாலம் சிவப்பு, வற்றிய போர்வெல் கறுப்புப் புள்ளி. ஒரு பிள்ளை செல்போனில் இடத்தைக் குறித்துக்கொண்டே வந்தது. மூன்றாம் நாள் மாலை கோவில் திண்ணையில் தாளை விரித்தபோது, எந்த அரசுப் பதிவிலும் இல்லாத பதினொரு நீர்வழி நீலத்தில் தெரிந்தது. ஆத்தா மேற்கு மூலையில் ஒரு கோட்டைக் காட்டி, "இது இன்னும் கொஞ்சம் வளைஞ்சு போகோணும், கண்ணு" என்றார். பிள்ளைகள் அழித்துப் போட்டார்கள். திட்டம் போடுவதில் அப்படி ஒரு நிமிடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இதன் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். செமஸ்டர் முடிந்தால் பிள்ளைகள் போய்விடுவார்கள். அறிக்கை ஆங்கிலத்தில் கல்லூரி நூலகத்துக்குப் போகும். சட்டபலம் துளியும் கிடையாது. நாளைக்கே அந்த நீலக் கோட்டின்மேல் ஒருவர் மண் கொட்டினால் தாளைக் காட்டித் தடுக்க முடியாது. அதனால் கல்லூரியோடு பேசும்போதே மூன்றைக் கேட்டு வாங்க வேண்டும். அறிக்கை தமிழில் வேண்டும். எடுத்த அளவுகள் மூலக் கோப்பாகவே ஊராட்சிக் கணினியில் ஏற வேண்டும். மழைக்காலத்தில் ஒரு நாளாவது திரும்பி வந்து கோடுகளைத் தண்ணீரோடு ஒப்பிட வேண்டும்.

சரி, எதை எடுப்பது?

ஊருக்கு ஊர் மாறும். சின்னம்மா பஞ்சாயத்துக்காரர் கேட்டால், உங்களிடம் கூட்டமும் பணமும் இருக்கிறது, நிலத்துக்கான திட்டத்துக்குப் போராடுங்கள் என்பேன். எங்கள் பக்கத்து ஊராட்சித் தலைவர் கேட்டால், மாஸ்டர் பிளானுக்குக் காத்திருக்காமல் இந்த வருடமே ஒரு கல்லூரியைக் கூப்பிடுங்கள் என்பேன். வரைவு என்றைக்கு வந்தாலும் அந்த இரண்டு மாதத்துக்குள் "பள்ளம் போச்சு" என்று பொதுவாக எழுதாமல், சர்வே எண், உட்பிரிவு, நீளம், அகலம் என்று எழுதிக் கொடுக்க அப்போதுதான் கையில் ஏதாவது இருக்கும். முழுமைத் திட்டத்தின் அதிகாரத்தை நமக்காக வேலை செய்யவைக்க எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

தாளின் நகல் ஒன்று இப்போது ஊராட்சி அலுவலகச் சுவரில், பிளாஸ்டிக் உறைக்குள். மார்ச் 22 தண்ணீர் தின கிராம சபையில் பதினொரு நீர்வழியையும் சர்வே எண்ணோடு தீர்மானத்தில் ஏற்றச் சொல்லிக் கேட்கப் போகிறோம். மேற்கு மூலை வளைவை மட்டும் இன்னொரு முறை நடந்து பார்த்துவிட வேண்டும். ஆத்தாவுக்கு முட்டிவலி, காலை வெயிலுக்கு முன்னால் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன்.