வீட்டுப்பாட விடை எழுதினால் பணம் என்கிறார்களா? என் 18,400 போய்விட்டது, படித்துவிட்டுச் சேருங்கள்

நேற்று இரவு என் கணக்கை முடக்கிவிட்டார்கள். அதில் இருந்த 18,400 அப்படியே போய்விட்டது. பிள்ளைகள் அனுப்பும் வீட்டுப்பாடக் கேள்விகளுக்கு ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து விடை எழுதியதற்கான கூலி அது. இப்போதே எழுதிவிடுகிறேன். இதே மாதிரி இடத்தில் சேரலாமா என்று யோசிப்பவர் ஒருவர் படித்தாலும் நல்லது.

தளத்தின் பெயரைப் போடவில்லை. மாணவர் கேள்வியைப் படமெடுத்துப் போடுவார், ‘பாட வல்லுநர்’ என்ற பெயரில் நம்மைப் போன்றவர்கள் விடை எழுதுவோம். மாணவரிடம் சந்தா வாங்குவார்கள், நமக்கு விடைக்கு இவ்வளவு என்று தருவதாகச் சொல்வார்கள். அந்த வகைத் தளம்.

சேரும்போது கணிதம், அறிவியல், தமிழ் மூன்றிலும் தேர்வு வைத்தார்கள். நல்ல தேர்வு, அதைச் சொல்லத்தான் வேண்டும். அசமன்பாட்டின் இரு பக்கத்தையும் மைனஸ் எண்ணால் பெருக்கினால் பெரியது, சிறியது என்று காட்டும் குறி (<, >) ஏன் திரும்புகிறது என்று ஒரு கேள்வி. விதி அப்படி என்று எழுதிவிட்டுப் போகாமல் ஒரு எண்கோடு வரைந்தேன். 2, 5 இரண்டில் 5 பெரியது. இரண்டையும் மைனஸ் 1 ஆல் பெருக்கினால் பூஜ்யத்தின் மறுபக்கம் போய்விடும், அங்கே மைனஸ் 2 தான் பெரியது. வரிசையே தலைகீழாகிறது, அதனால் குறியும் திரும்புகிறது. “இப்படி விளக்குகிறவர்கள்தான் எங்களுக்கு வேண்டும் மேடம்” என்று போன் போட்டே பாராட்டினார்கள். முதல் பேமென்ட் சின்னத் தொகை, சொன்ன தேதியில் வந்தது. அதுதான் தூண்டில். கேட்ட இடத்தில் பாராட்டு, சொன்ன நாளில் பணம், இதற்கு மேல் நம்புவதற்கு என்ன வேண்டும்?

அப்புறம் ஆரம்பித்தது. பணம் எடுக்க வாலட்டில் குறைந்தபட்சம் இவ்வளவு சேர வேண்டும் என்றார்கள். சரி என்று எழுதினேன். அந்த அளவை நெருங்கியதும் அளவை உயர்த்தினார்கள். கடைசியில் 18,400 சேர்ந்து, எடுக்கும் பொத்தானை அழுத்தினேன். ‘தர ஆய்வு நடைபெறுகிறது’ என்று வந்தது.

ஆய்வின் லட்சணத்தைக் கேளுங்கள். ஒரு பிள்ளை, கோடையும் குளிரும் ஏன் மாறி மாறி வருகின்றன என்று கேட்டிருந்தது. பூமியின் அச்சு சுமார் 23.5 டிகிரி சாய்ந்திருப்பதுதான் காரணம் என்று எழுதியிருந்தேன். சூரியனிலிருந்து உள்ள தூரம் காரணமாக இருந்தால், ஜனவரி தொடக்கத்தில் பூமி முழுக்கக் கோடையாக இருக்க வேண்டும். அப்போதுதான் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது. ஜூலை தொடக்கத்தில் சுமார் 15.2 கோடிக்குப் போய்விடுகிறது. ஆனால் ஜனவரியில் வட கோளத்தில் குளிர், அதே நேரம் தென் கோளத்தில் கோடை. சாய்வால்தான் இரண்டும் ஒரே சமயத்தில் நடக்க முடிகிறது. இந்த விடை நிராகரிக்கப்பட்டது. காரணம்: ‘தூரம் பற்றிய முக்கியக் கருத்து விடுபட்டுள்ளது.’ பிள்ளைகள் வழக்கமாகத் தவறாக நினைத்துக்கொள்வதையே சரியான விடை என்று வைத்துக்கொண்டு என்னைத் திருத்துகிறார்கள்!

தமிழிலும் இதே கூத்து. ‘சுடுநீர்’ வினைத்தொகை. சுட்ட நீர், சுடுகின்ற நீர், சுடும் நீர் என்று மூன்று காலத்துக்கும் விரிவதையும் காட்டியிருந்தேன். அதைப் பண்புத்தொகை என்று சிவப்பில் அடித்திருந்தார்கள். செம்மை ஆகிய தாமரை என்று செந்தாமரையை விரிப்பது போல ‘சுடுமை ஆகிய நீர்’ என்று யாராவது விரிப்பார்களா? பார்த்தவருக்குத் தமிழ் தெரியுமா என்பதே சந்தேகம்.

எனக்குத் தாங்க முடியாதது வேறு. ‘தரமற்றவை’ என்று தள்ளிய அதே விடைகள் மாணவர்கள் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. சந்தா கட்டும் பிள்ளை ஒன்றின் கணக்கில் பார்த்தேன். என் வாக்கியம், என் படம், கீழே ‘வல்லுநர் சரிபார்த்தது’ என்று பச்சைக் குறி. எனக்குப் பணம் தராததற்குத் தரமில்லை என்பது காரணம், பிள்ளைகளிடம் பணம் வாங்க அதே விடை தரமானது.

கேட்டால் ஒரே பதில்தான். “மேடம், உங்கள் கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறது.” அப்புறம் அந்தத் துறை வேறு, மின்னஞ்சல் அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினால் சாட்டில் கேளுங்கள் என்று தானியங்கிப் பதில். போனில் பாராட்டியவர் இப்போது எடுப்பதே இல்லை. கடைசியாக, மறுஆய்வுக்குக் கட்டணம் கட்டினால் 18,400 விடுவிக்கப்படலாம் என்று ஒரு செய்தி. என் கூலியை வாங்க நான் பணம் கட்ட வேண்டுமாம். முடியாது என்று எழுதினேன். அன்று ராத்திரியே கணக்கு முடங்கியது. காரணம் கேட்டால் ‘விதிமீறல்’. எந்த விதி என்று இதுவரை சொல்லவில்லை.

எப்படிப் பிழைப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுதக் கோபம்தான் வருகிறது, அதனால் சுருக்கமாக.

வாலட்டில் சேர விடாதீர்கள், எடுக்க முடிந்த அன்றே எடுங்கள். குறைந்தபட்சத் தொகையை ஒருமுறை உயர்த்தினாலே எழுதுவதை நிறுத்திவிடுங்கள். நிராகரித்த விடை யாருக்குச் சொந்தம் என்று விதிமுறையில் தேடிப் பாருங்கள். அதைப் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால் சேராதீர்கள். எழுதியதையும் பேலன்ஸையும் அவ்வப்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், கணக்கு முடங்கிய பிறகு எதையும் பார்க்க முடியாது. கட்டணம் கட்டினால் பணம் விடுவிப்போம் என்று யார் சொன்னாலும் கட்டாதீர்கள்.

பெற்றோர்களே, பச்சைக் குறியை நம்பி அப்படியே நோட்டில் எழுத விடாதீர்கள். சுடுநீரைப் பண்புத்தொகை என்று அடித்தவர்தான் அங்கே ‘சரிபார்க்கிறார்’. பாடப் புத்தகத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

18,400 இன்னும் வரவில்லை. என் விடைகளையாவது அங்கிருந்து எடுக்கச் சொல்லி இன்று காலை மறுபடியும் எழுதியிருக்கிறேன். தானியங்கிப் பதில் வந்துவிட்டது.