வேகத்தைக் குறைக்க வேண்டியது விரலா, கியரா? கார்ட்லெஸ் டிரில் ஒப்பீட்டு அலசல்

என் முதல் கார்ட்லெஸ் டிரில் என் கையாலேயே செத்தது. 60 மிமீ ஹோல் சாவை (வட்டமாக வெட்டும் கிண்ண வடிவ ரம்பம்) மாட்டி, தடிமனான பலகையில் வட்டத் துளை போட்டுக்கொண்டிருந்தேன். ஹோல் சாவை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும் என்பது தெரியும். அதனால் டிரிக்கரை, அதாவது விரலால் அழுத்தும் சுவிட்சை, பாதி அளவுக்கும் குறைவாக அழுத்தி, பொறுமையாக ஓட்டினேன். மேலே இருந்த கியர் பட்டன் 2இல் இருந்ததைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் மாற்றியிருக்க மாட்டேன். மெதுவாகத்தானே சுற்றுகிறது, அப்புறம் என்ன? இரண்டாவது துளை பாதியில் இருக்கும்போது கருகல் வாடை வந்தது. மூன்றாவது துளைக்கு மெஷின் இல்லை.

மெஷினின் தரத்தைத் திட்டித் தீர்த்த பிறகுதான் தப்பு எங்கே என்று பிடிபட்டது. டிரில்லை மெதுவாக ஓட்ட இரண்டு வழி உண்டு. சக் (பிட்டைப் பிடித்திருக்கும் முன்பகுதி) சுற்றுவதை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். மோட்டாருக்கு மட்டும் அது ஒன்றல்ல.

முதலில் டிரிக்கர். அதற்குள் மாஸ்ஃபெட் என்ற மின்னணுச் சுவிட்ச் இருக்கிறது. அது நொடிக்குப் பல ஆயிரம் முறை மின்சாரத்தைப் போட்டுப் போட்டு அணைக்கிறது. 18 வோல்ட் பேட்டரியில், நூற்றில் 30 பங்கு நேரம் மட்டும் இணைப்பு இருந்தால் மோட்டாருக்குக் கிடைப்பது சராசரியாக 5.4 வோல்ட். டிரிக்கரை லேசாகத் தொட்டதும் சக் அசையாமல் ‘கீ’ என்று மெல்லிய சத்தம் வருமே, அது இந்தப் போட்டு அணைக்கும் வேலையின் சத்தம்தான். இதில் மோட்டாரின் வேகம் குறைகிறது, அவ்வளவுதான். அதன் பலம் எங்கும் பெருகுவதில்லை.

கியர் பட்டனின் கதை வேறு. பெரும்பாலான 18 வோல்ட் டிரில்களில் 1ஆம் கியர் சுமார் 500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரையும், 2ஆம் கியர் சுமார் 2,000 வரையும் போகும். கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு வேகம். மோட்டார் மட்டும் இரண்டிலும் முழு வேகத்தில் சுற்றுகிறது. இடையில் உள்ள கோள் பல்சக்கரங்கள் அந்த வேகத்தைக் குறைத்து, உராய்வில் போனது போக மீதியை முறுக்குவிசையாக, அதாவது சுற்றும் பலமாக, கொடுக்கின்றன. சக்கில் வேகம் நாலில் ஒன்றாகும்போது முறுக்குவிசை ஏறத்தாழ நாலு மடங்காகிறது.

இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் என் டிரில் ஏன் செத்தது என்று தெரியும். ஹோல் சாவுக்குத் தேவையான முறுக்குவிசை ஒன்றுதான். அதை 2ஆம் கியரில் கேட்டால், 1ஆம் கியரில் தருவதைப்போல நாலு மடங்கு முறுக்கை மோட்டார் தந்தாக வேண்டும். மோட்டாரின் முறுக்கு அதில் ஓடும் கரண்டுக்கு நேர் விகிதம். ஆக நாலு மடங்கு கரண்ட். கம்பிச்சுருளில் உண்டாகும் சூடோ கரண்டின் வர்க்கத்தில் ஏறும். நாலின் வர்க்கம் 16! போதாததற்கு, மோட்டாரைக் குளிரவைக்கும் மின்விசிறி மோட்டார் தண்டிலேயே இருக்கிறது. மோட்டார் மெதுவாகச் சுற்றினால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். சூடு 16 மடங்கு, காற்று கால்வாசி. கருகாமல் என்ன செய்யும்?

அப்படியானால் டிரிக்கரால் வேகம் குறைப்பதே தப்பா? இல்லை. ஸ்க்ரூவின் முனை மரத்தில் பிடிக்கும் முதல் இரண்டு சுற்று, தலை மேற்பரப்பைத் தொடும் கடைசிச் சுற்று, வழுவழுப்பான இரும்புத் தகட்டில் டிரில் பிட் நழுவாமல் இடம் பிடிக்கும் அந்த நொடி, இவற்றுக்கு விரல்தான் சரி. சில நொடிகளுக்குத்தான் அது என்பதால் சூடும் ஏறாது. விரலை அரைகுறையாகப் பிடித்தபடி நிமிடக்கணக்கில் பளுவான வேலை பார்ப்பதுதான் ஆபத்து.

எல்லாவற்றுக்கும் 1ஆம் கியரே போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஹைஸ்பீட் ஸ்டீல் பிட்டால் சாதாரண இரும்பைத் துளைக்கும்போது பிட்டின் விளிம்பு நிமிடத்துக்குச் சுமார் 25 மீட்டர் ஓடலாம் என்பது பட்டறைக் கணக்கு. 3 மிமீ பிட்டுக்கு இது 2,600 ஆர்பிஎம்முக்கு மேல் வருகிறது. டிரில்லின் உச்ச வேகமே அதை எட்டாது. அங்கே 2ஆம் கியர், முழு டிரிக்கர். 1ஆம் கியரில் வைத்தால் பிட் வெட்டாது. நாம் பொறுமையிழந்து அழுத்துவோம், பிட் முறியும். 10 மிமீ பிட்டுக்கு அதே கணக்கு 800 ஆர்பிஎம். இரண்டு கியருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் எண் இது. மூன்று கியர் வைத்த மாடல்கள் இருப்பதற்கு ஒரு காரணம் இந்த இடைவெளி. இரண்டு கியர்தான் இருக்கிறது என்றால் நான் யோசிக்காமல் 1ஆம் கியரில் முழு டிரிக்கரில் ஓட்டுவேன். கொஞ்சம் நேரம் கூடும், பிட்டும் மோட்டாரும் பிழைக்கும். அதே 10 மிமீ பிட்டில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் வேகத்தைப் பாதிக்கும் கீழே கொண்டுவர வேண்டும். அங்கே 2ஆம் கியருக்கு வேலையே இல்லை.

அடுத்தது பிரஷ்ஷா, பிரஷ்லெஸ்ஸா. பழைய வகை மோட்டாரில் கம்பிச்சுருள் சுற்றும் பாகத்தில் இருக்கும். அதற்குக் கரண்ட் கொண்டுபோக இரண்டு கார்பன் துண்டுகள் உரசிக்கொண்டே இருக்க வேண்டும். உரசல் என்றால் தேய்மானம், தீப்பொறி, வீணாகும் மின்சாரம். பிரஷ்லெஸ்ஸில் இது தலைகீழ். காந்தம் சுற்றுகிறது, சுருள் வெளியே அசையாமல் நிற்கிறது. வெளியே இருப்பதால் சூடு எளிதாக வெளியேறும். காந்தம் எங்கே இருக்கிறது என்பதை ஹால் சென்சார்கள் சொல்ல, எந்தச் சுருளுக்கு எப்போது கரண்ட் என்பதைச் சர்க்யூட் முடிவு செய்து மாஸ்ஃபெட்கள் வழியாகக் கொடுக்கிறது.

தேய்மானம் இல்லை, பேட்டரி அதிக நேரம் வரும் என்பவைதான் பெட்டியில் அச்சாகும் பெருமைகள். இரண்டும் உண்மையே. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அந்த மெஷினுக்குத் தன் வேகம் தெரியும் என்பது. பிரஷ் மோட்டாரில் டிரிக்கரை ஒரே அளவில் பிடித்திருந்தாலும் பளு ஏறினால் வேகம் விழும்; நாம் விரலால் ஈடுகட்டுவோம். பல பிரஷ்லெஸ் மாடல்களில் சர்க்யூட்டே அதைக் கவனித்துக் கொஞ்சம் கூடக் கரண்ட் கொடுத்து வேகத்தை நிறுத்திவைக்கிறது. வரம்பு மீறினால் தானே நின்றுவிடும். என் பழைய டிரில்லைப்போல எரிந்து காட்டாது. இப்படி நின்றால் சிலர் ‘பவர் பத்தவில்லை’ என்று குறை சொல்வார்கள். பத்தாதது பெரும்பாலும் பவர் அல்ல, கியர் மாற்றாததுதான் காரணம். நாலு மடங்கு, 16 மடங்கு என்ற கணக்கு பிரஷ்லெஸ்ஸுக்கும் பொருந்தும்.

மாதம் ஒரு முறை திரைச்சீலைக் கம்பி மாட்டுகிறவருக்கு இதெல்லாம் வேண்டுமா? வேண்டாம். பிரஷ் மோட்டார் தாராளமாகப் போதும்.

வோல்ட் விஷயத்தில் குழப்பம் அதிகம், விஷயம் குறைவு. 18 வோல்ட் என்றும் 20 வோல்ட் மேக்ஸ் என்றும் விற்பவை ஒன்றேதான்: ஐந்து லித்தியம் அயான் செல்கள். ஒரு செல்லின் பெயரளவு வோல்டேஜ் 3.6; முழு சார்ஜில் எடுத்ததும் 4க்கு மேல் இருக்கும். அதேபோல் 12 வோல்ட் மேக்ஸ் என்பது மூன்று செல், அதாவது 10.8 வோல்ட். குறுகலான அலமாரிக்குள் கையை விட்டு ஸ்க்ரூ முடுக்க இந்தச் சின்ன மெஷினுக்கு ஈடில்லை. ஹோல் சா, தடித்த இரும்பு என்று போனால் 18க்கு வந்தாக வேண்டும்.

இதைவிட அதிகம் பேச வேண்டியது பேட்டரியின் உள்தடை. ஒவ்வொரு செல்லுக்கும் 20 மில்லி ஓம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஐந்து செல் வரிசையாக இருந்தால் 100 மில்லி ஓம். பளுவில் 30 ஆம்பியர் இழுத்தால் 3 வோல்ட் பேட்டரிக்குள்ளேயே போய்விடும். மோட்டாருக்குக் கிடைப்பது 15. இரண்டிரண்டாக இணைத்த பத்து செல் பேட்டரியில் தடை பாதி, இழப்பு ஒன்றரை வோல்ட். அதனால்தான் அதே டிரில் ஐந்து செல் கொண்ட 2 ஆம்பியர் மணி பேட்டரியில் திணறி, பத்து செல் கொண்ட 4 ஆம்பியர் மணி பேட்டரியில் துள்ளிக்கொண்டு ஓடுகிறது. பெரிய பேட்டரி என்றால் நேரம் மட்டும்தான் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள், பலமும் கூடும். எடையும் கூடும் என்பதைத் தலைக்கு மேல் கை தூக்கி வேலை பார்க்கும்போது தோள்பட்டை சொல்லும். பிளாக் அண்ட் டெக்கர் 1961இல் கொண்டுவந்த முதல் கார்ட்லெஸ் டிரில் நிக்கல்-காட்மியம் செல்களில் ஓடியது. மில்வாக்கி 2005இல் லித்தியம் அயானில் 28 வோல்ட் கருவிகளை இறக்கியது. மோட்டாருக்குக் கிடைத்த புகழில் பாதியாவது இந்த செல்களுக்குச் சேர வேண்டும்.

பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் நியூட்டன் மீட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது பெரும்பாலும் மெஷின் நின்றுபோகும் கணத்தில் வரும் உச்ச முறுக்கு. சக் சுற்றாத நேரத்தில் செய்யும் வேலை பூஜ்யம். 150 ஆர்பிஎம்மில் சுற்றிக்கொண்டே 30 நியூட்டன் மீட்டர் தந்தால்தான் சுமார் 470 வாட் வேலை நடக்கிறது. சில நிறுவனங்கள் கடின முறுக்கு (இரும்பில்போலச் சட்டென்று இறுகும் இடத்துக்கு), மென் முறுக்கு (மரத்தில்போல மெல்ல இறுகும் இடத்துக்கு) என்று இரண்டு எண் தருகின்றன. நான் இரண்டாவதைத்தான் பார்ப்பேன். மரத்தில் நீளமான ஸ்க்ரூ இறங்கும்போது கைக்குக் கிடைப்பது அதற்குப் பக்கமானது.

கடைசியாக, ஸ்க்ரூ அளவு மீறி இறுகாமல் தடுக்கும் கிளட்ச். சக்கின் பின்னால் 1, 2, 3 என்று எண் போட்ட வளையம் ஸ்பிரிங்கும் குண்டுகளும் வைத்த பழைய ஏற்பாடு. அளவு தாண்டினால் ‘கடகட’ என்று நழுவும். மின்னணுக் கிளட்ச் கரண்டை அளந்து, சத்தமில்லாமல் மோட்டாரை நிறுத்திவிடுகிறது. ஒரே மாதிரி நூறு ஸ்க்ரூ போட மின்னணுதான் சீராக இருக்கிறது. ஆனால் எனக்கு அந்தக் கடகட சத்தம் பிடிக்கும். எவ்வளவு இறுகியது என்று கை உணரும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: துளை போடும் படம் உள்ள இடத்துக்கு வளையத்தைத் திருப்பிவிட்டால் கிளட்ச் அங்கே இல்லவே இல்லை. அந்த நேரத்தில் பிட் சிக்கினால் சுற்றுவது உங்கள் மணிக்கட்டுதான். மெஷின் திடீரென்று திரும்புவதை உணர்ந்து நிறுத்தும் சென்சார் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், கியர் 1இல் ஹோல் சா மாட்டும்போதெல்லாம் பக்கவாட்டுக் கைப்பிடியையும் மாட்டிக்கொள்ளுங்கள்.